நோய் விடுப்பும் மருத்துவச் சான்றுகளைப் புதுப்பித்தலும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் இரும்பை உருக்கிக் கம்பியாக இழுக்கின்ற ஆலைகளிலும், தேர்வாய்க் கண்டிகையின் தொழிற்பூங்காவிலும், திருவள்ளூரை அடுத்த காக்களூர்த் தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகளிலும் ஷிப்டு மாற்றி ஷிப்டு உழைத்துத் தம் குடும்பத்தைத் தாங்கி நிற்கின்ற தொழிலாளிக்குத் தேகசுகம் கெடுகின்ற காலத்தில், மருந்துக்கு அடுத்தபடியாகத் தேவைப்படுவது ஒரு காகிதம். அக்காகிதத்தை முதன்முறை பெறுவதில் பெரும்பாலோர் தவறுவதில்லை. காய்ச்சலோ வலியோ உடலை வாட்டுகையில் கால்கள் தாமாகவே மருந்தகத்தை நாடிச் செல்கின்றன. தவறு நேர்வதெல்லாம் இரண்டாவது முறையிலும் மூன்றாவது முறையிலுமே. ஆகையால் இவ்வதிகாரம் சான்று பெறுவதைப் பற்றிச் சிறிதளவும், பெற்ற சான்றைக் காலந்தவறாது புதுப்பித்துக்கொண்டே போவதைப் பற்றிப் பெரிதளவும் பேசும்.

சில ஆண்டுகளுக்கு முன் இம்மாவட்டத்து இ.எஸ்.ஐ. மருந்தகம் ஒன்றின் தாழ்வாரத்தில் நான் அமர்ந்திருந்தபோது, பக்கத்தில் வந்து மெல்ல உட்கார்ந்த ரோலிங் மில் தொழிலாளி ஒருவர், மளிகைக் கடை உறை ஒன்றிலிருந்து மூன்று சான்றுகளை எடுத்து என்னிடம் நீட்டினார். மடிப்பில் மடிப்பில் கிழிந்திருந்த அத்தாள்களைப் பிரித்த அவருடைய விரல்களில், தீப்பொறி பட்டுக் காய்ந்த கரும்புள்ளிகள் மிளகு தூவினாற்போல் இறைந்து கிடந்தன. முதுகெலும்பின் இடைவட்டு நழுவிய நோய். முதல் இரண்டு சான்றுகளுக்கும் இடையே ஏழு நாள். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே பத்தொன்பது நாள். “வலி கொஞ்சம் கொறஞ்சா மாதிரி இருந்துச்சு சார், ஊருக்குப் போய்ட்டேன். அப்புறமா வந்து எழுதி வாங்கிக்கலாம்னு இருந்துட்டேன்” என்றார். ஊரிலிருந்து திரும்பி ஆலைக்குச் சென்றபோது, கேட்டிலேயே அவருடைய டோக்கன் எண் பட்டியலில் இல்லையென்று சொல்லிவிட்டார்கள். வங்கிக் கணக்கில் முதல் வாரத்துக்குரிய இ.எஸ்.ஐ. பணம் ஏறியிருந்ததைக் காட்டி, “பணம் குடுத்திருக்காங்களே, அப்படின்னா லீவு செல்லும்தானே?” என்று அவர் கேட்ட கேள்விதான் இவ்வதிகாரத்தின் வித்து. பணம் வேறு, வேலை வேறு. இரண்டையும் காப்பதற்கு ஒரே சான்று இரண்டு வாசல்களில் காட்டப்பட வேண்டும் என்பதை அவருக்கு எவரும் சொல்லவில்லை.

முதலில் பணத்தின் வாசலைப் பார்ப்போம். தொழிலாளர் உடல்நலக் காப்பீட்டைப் பற்றிப் பேராசிரியர் அதார்கர் 1944இல் அளித்த அறிக்கையை அடியொற்றி, 1948ஆம் ஆண்டில் இ.எஸ்.ஐ. என்று சுருக்கமாக வழங்கும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டு, 1952 பிப்ரவரி 24ஆம் தேதி கான்பூரில் நடைமுறைக்கு வந்தது. தமிழகத்தில் 1955இல் கோயம்புத்தூரில் காலூன்றியது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேற்படாதவர்கள் இதன் வரம்புக்குள் வருகிறார்கள். 2019 ஜூலை முதல் தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு 0.75 பங்கும், முதலாளியின் பொறுப்பாக 3.25 பங்கும் செலுத்தப்படுகின்றன. சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. என்ற வரிக்கு நேரே பிடித்தம் இருக்கிறதா என்று மாதந்தோறும் பார்த்துக்கொள்வது நலம். ஏனெனில் நோய்க்காலப் பணத்துக்கு உரிமை அந்த வரியிலிருந்துதான் பிறக்கிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு சந்தா காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றொன்று. முந்தியதில் 78 நாளுக்குக் குறையாமல் சந்தா சேர்ந்திருந்தால் அடுத்து வரும் ஜனவரி முதல் ஜூன் வரையிலும், பிந்தியதில் அவ்வாறு சேர்ந்திருந்தால் ஜூலை முதல் டிசம்பர் வரையிலும் நோய்க்காலப் பணம் பெறலாம். இவ்விரண்டும் பயன்காலங்கள் எனப்படும். புதிதாக வேலையில் சேர்ந்தவருக்குச் சிகிச்சை முதல் நாளிலிருந்தே உண்டு. பணத்துக்கு ஏறத்தாழ ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும்.

தொகை எவ்வளவு என்றால், சராசரித் தினச் சம்பளத்தில் நூற்றுக்கு 70 பங்கு. ஓராண்டாக அமையும் அடுத்தடுத்த இரண்டு பயன்காலங்களில் 91 நாள் வரை. ஒருவருடைய சராசரித் தினச் சம்பளம் 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 350 ரூபாய் ஆகும். அவர் ஒரு மாதத்தின் 1ஆம் தேதி திங்கட்கிழமை முதற்சான்று பெறுகிறார். 8ஆம் தேதி இடைக்காலச் சான்று. 15ஆம் தேதி வேலைக்குத் தகுதி என்னும் இறுதிச் சான்று. இடைப்பட்ட பதினான்கு நாளில் முதலிரண்டு நாளுக்குப் பணமில்லை என்பது விதி. மீதி பன்னிரண்டு நாளுக்கு 4,200 ரூபாய் வரும். முந்திய நோய்க்காலத்துக்குப் பணம் பெற்று முடிந்து பதினைந்து நாள் கடப்பதற்குள் மீண்டும் நோய்வாய்ப்பட்டால், அந்த இரண்டு நாள் கழிவு மறுமுறை இல்லை. பதினைந்து கடந்துவிட்டால் மறுபடியும் இரண்டு நாள் போய்விடும். சிறு தொகைதானே என்று கருதலாகாது. எழுநூறு ரூபாய் ஒரு வீட்டின் வாரத்து அரிசி பருப்பு.

இனிப் புதுப்பித்தலின் கணக்கு. 1950ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. விதிமுறைகளின்படி முதற்சான்றுக்குப் பின் நோய் நீடிக்குமானால், ஏழு நாளுக்கு மேற்படாத இடைவெளிகளில் இடைக்காலச் சான்றுகளைப் பெற்றுக்கொண்டே வர வேண்டும். ஒவ்வொரு சான்றும் முந்திய சான்றின் தேதியோடு கொக்கி மாட்டிக்கொள்கிறது. ஒரு கொக்கி விட்டுப்போனால் பின்னால் எத்தனை சான்று சேர்த்தாலும் அந்த நாள்கள் காற்றில் தொங்கும். மருத்துவர் தாம் பரிசோதியாத நாள்களுக்குப் பின்னோக்கிச் சான்று எழுதித் தருவதற்கு விதிமுறை இடங்கொடாது. அவரிடம் கெஞ்சுவது அவரையும் சங்கடத்தில் ஆழ்த்தும். ஆதலால் சான்று கையில் வந்த அக்கணமே அதிலுள்ள தேதியிலிருந்து ஏழு நாளை எண்ணி, வீட்டுக் காலண்டரில் அந்த நாளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட வேண்டும். வட்டம் பண்டிகை விடுமுறையில் விழுமானால் அதற்கு முந்திய வேலை நாளில் போய்விட வேண்டும். பொங்கலும் தீபாவளியும் பலருடைய சங்கிலியை அறுத்திருக்கின்றன. சான்று பெற்ற மூன்று நாளுக்குள் அதை இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குச் சேர்ப்பித்துவிடுவது கட்டாயமென்றே கொள்ளத்தக்கது. தாமதித்தால் அத்தாமதத்துக்கு முந்திய நாள்களின் பணத்தை இழக்க நேரிடும்.

மருந்தகத்தின் ஜன்னலைவிட்டு நகர்வதற்கு முன் சான்றில் நான்கு விஷயங்களைச் சரிபார்த்துக்கொள்க: பெயரின் எழுத்து, பத்து இலக்கக் காப்பீட்டு எண், தேதி, மருத்துவரின் கையொப்பமும் முத்திரையும். பின்னர் கைப்பேசியில் அதை ஒரு படம் எடுத்துக்கொள்க. கையெழுத்து மங்கிய கார்பன் பிரதியை நம்பி அலைந்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

நோய் 28 நாளையும் தாண்டி நீடித்து, அடிக்கடி பரிசோதிக்க வேண்டாத நிலையில் இருப்பதாக மருத்துவர் கருதினால், நான்கு வாரம் வரையிலான சிறப்பு இடைக்காலச் சான்று ஒன்றை அளிக்கலாம். கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டோடு எளாவூரிலிருந்தும் ஆரம்பாக்கத்திலிருந்தும் ஷேர் ஆட்டோவில் வாராவாரம் வருபவருக்கு இது பேருபகாரம். இப்படி ஒரு வசதி இருப்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தாலும் கேட்பதற்குக் கூச்சம். மரியாதையாக, “டாக்டர், நாலு வாரத்துக்கு எழுத முடியுமா?” என்று கேட்டுப் பார்ப்பதில் குற்றமொன்றும் இல்லை.

இப்போது இரண்டாவது வாசலுக்கு வருகிறேன். சென்னைப் பெரம்பூரில் தலைமுறை தலைமுறையாகத் தொழிலாளர் உழைத்த பக்கிங்காம் அண்டு கர்நாடிக் ஆலையை இன்றும் முதியோர் பலர் பின்னி மில் என்றே நினைவுகூர்கிறார்கள். அவ்வாலையின் தொழிலாளி ஒருவர் சில நாள் விடுப்பில் ஊர் சென்றவர், அங்கே நோயுற்றுக் குறித்த நாளில் திரும்பவில்லை. பின்னரே மருத்துவச் சான்றோடு வந்தார். இ.எஸ்.ஐ. கழகம் அச்சான்றை ஏற்றுப் பணமும் கொடுத்தது. ஆலை நிர்வாகமோ, தொடர்ந்து எட்டு வேலைநாள் அனுமதியின்றி வராதவர் வேலையைவிட்டு நீங்கியவராகக் கருதப்படுவார் என்னும் தன் நிலையாணையை, அதாவது ஆலையின் பணிவிதியைக் காட்டி அவரை ஏற்க மறுத்தது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்று, 1963இல் நிர்வாகத்தின் பக்கமே தீர்ப்பாயிற்று. நோய்க்காலப் பணம் பெறும் தொழிலாளியைத் தண்டிக்கலாகாது என்று 1948 சட்டத்தின் 73ஆம் பிரிவு தடுப்பது உண்மையே. ஆனால் நிலையாணையின்படி தானாகவே அறுந்துபோன வேலையை அத்தடை காப்பாற்றாது என்பது அத்தீர்ப்பின் சாரம். கழகம் நோயை நம்பிவிட்டதென்பதால் முதலாளியும் நம்பித்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

இத்தீர்ப்பை நான் முதன்முறை படித்தபோது மனம் கசந்தது. ஆயினும் அதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம் பொன்போன்றது: கிளை அலுவலகத்துக்குச் சான்று போகின்ற ஒவ்வொரு முறையும் ஆலைக்கும் அதன் நகல் ஒரு கடிதத்தோடு போக வேண்டும். முதற்சான்றை மட்டும் அனுப்பிவிட்டு இருந்துவிடலாகாது. புதுப்பிக்குந்தோறும் அனுப்ப வேண்டும். கடிதம் நீளமாக இருக்க வேண்டுவதில்லை. நான் எழுதிக் கொடுக்கின்ற மாதிரி இது:

“ஐயா, வணக்கம். தங்கள் ஆலையில் பணிபுரியும் என் டோக்கன் எண் …. காப்பீட்டு எண் …. கடந்த … தேதியிலிருந்து நோயின் காரணமாக இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் சிகிச்சை பெற்று வருகிறேன். முன்னர் … தேதியிட்ட சான்றின் நகலை அனுப்பியிருந்தேன். சிகிச்சை தொடர்வதால் இன்று பெற்ற இடைக்காலச் சான்றின் நகலை இத்துடன் இணைத்துள்ளேன். அடுத்த பரிசோதனை … தேதியன்று. அதுவரை என் விடுப்பை நீட்டித்தருளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

‘விடுப்பை நீட்டித்தருள’ என்னும் சொற்றொடரைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். நிலையாணை பேசுவது அனுமதி பெற்ற விடுப்பையும் நீட்டிக்கப்பட்ட விடுப்பையும் பற்றியே. கேட்டவர் என்பதற்கும் கேளாமல் நின்றவர் என்பதற்கும் நடுவில்தான் வழக்கே பிறக்கிறது. கடிதத்தை விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைச் சான்றோடு சேர்த்துக் குத்தி வைக்கவும். சூபர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்புவதும் நல்லதே. அதை மட்டும் நம்பியிருப்பது நல்லதன்று. சூபர்வைசர் மாறுவார், கைப்பேசி தொலையும், ஆலையின் கோப்பிலே அது ஏறியதாகவும் இராது. காண்ட்ராக்ட் தொழிலாளியாயின் காண்ட்ராக்டருக்கு ஒன்று, ஆலை நிர்வாகத்துக்கு ஒன்று என இரண்டு கடிதம் போக வேண்டும். அவர் இவரைக் காட்டுவார், இவர் அவரைக் காட்டுவார். இருவர் கையிலும் காகிதம் இருந்தால் எவரும் அறியோம் என்று சொல்ல இயலாது.

சட்டம் அந்த 1963ஆம் ஆண்டுத் தீர்ப்போடு நின்றுவிடவில்லை என்பதையும் கூற வேண்டும். ஜே.எம்.ஏ. இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் 1993ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம், நிலையாணை எட்டு நாளென்று சொன்னாலும், தொழிலாளியை அழைத்து அவர் தரப்பைக் கேளாமல் பெயரை நீக்குவது இயற்கை நீதிக்கு விரோதம் என்று தீர்மானித்தது. ஆகவே கேட்டில் வாய்மொழியாகத் திருப்பியனுப்பப்பட்டவர் மனமுடைந்து வீட்டுக்குப் போய்விடாமல், அன்றே தம் சான்றுகளின் நகல்களோடு விளக்கக் கடிதம் அனுப்பி, தொழிற்சங்கத்தையோ தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தையோ நாடுவாராக. தாழ்வாரத்தில் நான் கண்ட அந்த ரோலிங் மில் தொழிலாளிக்கும் அன்று இதைத்தான் எழுதிக் கொடுத்தேன். பத்தொன்பது நாள் இடைவெளி அவருடைய கட்சியை எவ்வளவு பலவீனப்படுத்தியது என்பதை எழுதும்போதே உணர்ந்தேன்; ‘இடையில் ஊர் சென்றிருந்தேன்’ என்னும் வாக்கியத்தை எந்த விதமாக எழுதினாலும் அது அவருக்கு எதிராகவே பேசிற்று.

நோய் நெடுநாள் நீடித்தால் என்ன ஆகும்? 1950 விதிமுறைகளின் 98ஆம் விதி, சிகிச்சையில் இருக்கும் தொழிலாளியைத் தொடர்ச்சியாக ஆறு மாதம் கடந்த பின்னரும், காசநோய் முதலான குறிப்பிட்ட கடும் நோய்களாயின் பதினெட்டு மாதம் கடந்த பின்னரும் மட்டுமே முறைப்படி நோட்டீஸ் கொடுத்து விலக்கலாம் என்கிறது. இங்கேயே ஒரு படுகுழி இருக்கிறது. 91 நாள் பணம் தீர்ந்தவுடன், ‘இனிமேல் சான்று எதற்கு?’ என்று பலர் மருந்தகத்துக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்கள். 73ஆம் பிரிவின் பாதுகாப்பு பணம் பெறும் காலத்துக்கு மட்டுமன்று, நோய்க்காகச் சிகிச்சையில் இருக்கும் காலத்துக்கும் உரியது. சிகிச்சையில் இருக்கிறார் என்பதற்குச் சாட்சி அந்தச் சான்றே. பணம் நின்ற பிறகும் சான்றைப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள். மேலும் காசநோய், புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், இடைவட்டு நழுவல் உள்ளிட்ட 34 நோய்களுக்கு நீட்டிக்கப்பட்ட நோய்க்காலப் பயன் உண்டு: இரண்டாண்டு தொடர்ந்த வேலையும், முந்திய நான்கு சந்தா காலங்களில் 156 நாள் சந்தாவும் இருந்தால், சம்பளத்தில் நூற்றுக்கு 80 பங்கு, முதலில் 124 நாள், பின்னர் 309 நாள் வரையிலும், மருத்துவக் குழு பரிந்துரைத்தால் இரண்டாண்டு வரையிலும் கிடைக்கும். நம் ரோலிங் மில் தொழிலாளியின் நோய் இப்பட்டியலில் இருப்பது. சங்கிலி அறாதிருந்தால் அவர் அதைக் கேட்டிருக்கலாம். இப்படிப்பட்ட நோய்களுக்கு அயனாவரத்து அல்லது கே.கே. நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையின் நிபுணர் தரும் அறிக்கைகள் அடித்தளமாதலால், ஸ்கேன் படங்களையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் சான்றுகளோடு ஒரே கோப்பில் வைக்கவும்.

வேலையின்போது காயம்பட்டவர் இந்தப் பாதையில் வரவே கூடாது. அது விபத்து என்று ஆலையின் விபத்துப் பதிவேட்டில் ஏற்றி, விபத்தறிக்கை அனுப்பச் செய்து, சம்பளத்தில் நூற்றுக்கு 90 பங்கு தருகிற ஊனப்பயனைக் கேட்க வேண்டும். ‘காய்ச்சல்னு போட்டுக்கலாம்’ என்று எவர் சொன்னாலும் இணங்கலாகாது.

ஊருக்குப் போவதைப் பற்றி. சிப்காட்டில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தோர் பலர். தடா, சூளூர்ப்பேட்டைப் பக்கத்தவரும் உண்டு. நோயுற்றவர் தாயின் கையால் கஞ்சி குடிக்க விரும்புவது இயல்பே. ஆனால் பணம் பெறுவோர் மருத்துவரின் அனுமதியின்றித் தம் மருந்தக எல்லையைவிட்டுச் செல்லலாகாது என்பது 64ஆம் பிரிவு. ஆகவே புறப்படுமுன் அனுமதி கேட்டு, அதைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்க. ஊரிலே திடீரென்று தனியார் ஆஸ்பத்திரியில் சேர நேர்ந்தால், பதிவுபெற்ற மருத்துவரின் சான்றை மாற்றுச் சாட்சியமாக ஏற்கும் அதிகாரம் கழகத்துக்கு உண்டு. அது உரிமையன்று, சூழ்நிலையைப் பார்த்துச் செய்யும் சலுகை. அட்மிஷன் தேதி, டிஸ்சார்ஜ் தேதி, பில், மருந்துச் சீட்டு எல்லாம் சேர்ந்தால்தான் அது நிற்கும்.

இன்னொரு நுட்பம். இரக்கமுள்ள மேலாளர் ஒருவர் நோய் நாள்களில் சிலவற்றைச் சம்பளத்தோடு கூடிய விடுப்பாக எழுதிவிடுவதுண்டு. அதே நாள்களுக்கு இ.எஸ்.ஐ. பணமும் பெறலாகாது. தொழிலாளி வேலைக்கு வந்தாரா, சம்பளம் பெற்றாரா என்று கிளை அலுவலகம் ஆலையைக் கேட்கும்போது இரண்டும் மோதும். எந்த நாள் எதில் எழுதப்பட்டது என்று முன்னமே கேட்டுத் தெளிவது அவசியம்.

தம் நோய்க்கன்றித் தாயின் நோய்க்கோ குழந்தையின் நோய்க்கோ விடுப்புக் கேட்போரும் என்னிடம் வருகிறார்கள். அமெரிக்காவில் குடும்பத்தாரைப் பேணுவதற்கென்றே 1993ஆம் ஆண்டின் சட்டமொன்று, தகுதியுடைய தொழிலாளிக்குச் சம்பளமில்லாமல் 12 வாரம் வேலையைக் காத்து வைக்கிறது. அங்கேயும் மருத்துவச் சான்றும் அதன் புதுப்பித்தலும் உண்டு. நம் ஆலைத் தொழிலாளிக்கு அத்தகைய உரிமை இல்லை. இருபது நாள் உழைப்புக்கு ஒரு நாள் என்று சேர்ந்த ஈட்டிய விடுப்பைத்தான் அவர் எடுத்தாக வேண்டும். இது பெருங்குறை என்றே நான் கருதுகிறேன். திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் சன்னிதியில் அமாவாசைதோறும் குளத்தில் வெல்லம் கரைத்து, தமக்காக அன்றித் தம்மவர் பிணிக்காக வேண்டிக்கொள்கின்ற கூட்டத்தைப் பார்த்தவருக்கு இக்குறை விளங்கும். பெண் தொழிலாளர்க்கு மட்டும் மகப்பேற்றுக்கு 26 வாரம் முழுச் சம்பள அளவில் உண்டு. கர்ப்பத்தாலோ பேற்றாலோ விளையும் நோய்க்கு மேலும் ஒரு மாதம் கிடைக்கும், அதற்குத் தனிச்சான்று வேண்டும். அந்தச் சான்றை 26 வாரம் முடிவதற்கு முன்னரே பெறுக.

நான் மேலே குறித்த பிரிவெண்கள் 1948ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் 1950ஆம் ஆண்டு விதிமுறைகளுக்கும் உரியவை. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்து பழைய சட்டத்தின் இடத்தைப் பெற்றிருப்பதால், ஆலைக்கோ ஆணையருக்கோ எழுதும் கடிதத்தில் எண்ணைக் குறிக்குமுன் கிளை அலுவலகத்திலோ தொழிற்சங்கத்திலோ நடப்பு விதியைக் கேட்டுக்கொள்க.

இறுதிச் சான்று கையில் வந்துவிட்டால், அதில் எந்த நாள் வேலைக்குத் தகுதி என்று எழுதியிருக்கிறதோ அந்த நாளிலேயே ஆலைக்குப் போய்விட வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் அது சான்றில்லாத நாளாகிவிடும். ஷிப்டு தொடங்குவதற்கு அரை மணி முன்னதாகச் சென்று, டைம் ஆபீசில் ஒரு நகலைக் கொடுத்து, தம் நகலில் பெற்றுக்கொண்டதாக முத்திரையும் தேதியும் போடச் சொல்லி வாங்கிய பின்னரே கார்டைப் பஞ்ச் செய்க. முத்திரை போட மறுத்தால், மறுத்தவர் பெயரையும் நேரத்தையும் நகலின் பின்புறத்தில் எழுதிக்கொண்டு, அன்று மாலையே அதே நகலை விரைவுத் தபாலில் அனுப்பிவிடுக.